கரிசலுக்கு வந்த கறுப்புக் கோடு

விருதுநகரை அடுத்த சூலக்கரையைச் சுற்றிலும் கரிசல் மண். இந்த வறண்ட மண்ணின் நடுவேதான், நாட்டின் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் வண்ணம் அனுப்பிய சிவகாசியும் இருக்கிறது. 1920-களில் அங்கே தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பெட்டியில் ஒட்டும் லேபிளுக்காக அச்சகங்கள் எழுந்தன. அவற்றிலிருந்து நாட்காட்டிகள் புறப்பட்டன. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898-1976) தீட்டிய தெய்வ உருவங்கள் ஊர்தோறும் சென்றன. நம் இல்லங்களில் தொங்கும் திருஇருதய ஆண்டவர் படமும் வேளாங்கண்ணி மாதா படமும் பெரும்பாலும் சிவகாசியில் அச்சேறியவையே.

ஆயினும் இம்மண்ணின் சம்சாரியை அந்த நாட்காட்டிகளில் காண்பது அரிது. அவன் முகம் வேறொரு வழியாக, வண்ணமே இல்லாமல், கதைப் பக்கத்துக்குள் வந்து சேர்ந்தது. அந்த வழி சிற்றிதழ்களின் வறுமையில் தொடங்குகிறது.

வார இதழ்களில் கதைக்குப் படம் வரைவது நன்கு வளர்ந்த கலை. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வெளிவந்த பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த வந்தியத்தேவனை விட்டுவிட்டு அந்தக் கதையை நினைக்க முடியாதவர் பலர். அங்கே படம் கதையின் காட்சியைச் சொல்லும். சிற்றிதழுக்கு அந்த வசதி ஏது? சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டும் படத்துக்குப் புள்ளித்திரை அச்சுக்கட்டையும் வழவழப்பான தாளும் வேண்டும். மலிவுத் தாளில் அது அப்பிவிடும். கோட்டோவியத்துக்கோ துத்தநாகத் தகடு ஒன்று போதும். ஓவியர் கறுப்பு மையால் வரைந்ததைப் படமெடுத்துத் தகட்டில் பதித்து, கோடு நீங்கலான இடத்தை அமிலத்தால் அரித்து, மரக்கட்டையில் அறைந்து எழுத்துகளோடு சேர்த்து அச்சிட்டார்கள்.

1970-இல் சென்னையில் 'கசடதபற' தொடங்கியபோது, ஓவியக் கல்லூரியில் பயின்ற இளைஞர்கள் அதற்கு நண்பர்களாயினர். அவர்களுள் ஒருவர் கே. எம். ஆதிமூலம். திருச்சி மாவட்டத்துக்காரர், நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர், 1969-இல் காந்தியடிகளைக் கோடுகளாலேயே மீண்டும் மீண்டும் வரைந்தவர். எழுதுபவருக்கே சன்மானம் இல்லாத இடத்தில் ஓவியருக்கு என்ன கிடைத்திருக்கும்? கூலி கொடாத ஆசிரியர், "நாயகியை இன்னும் சற்று அழகாக வரையுங்கள்" என்று கேட்க முடியாது. அந்த உரிமையே பெரும் ஊதியம் என்பது என் எண்ணம். கதையை விளக்க வேண்டிய கடமை இன்றி, கதைக்குப் பக்கத்தில் தனியே நிற்கப் படம் பழகிக்கொண்டது.

அங்கே பழகிய கோடு 1980-களில் கரிசலுக்கு வந்தது. இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் 'ஜூனியர் விகட'னில் கரிசல் காட்டுக் கடுதாசி எழுதினார், படம் ஆதிமூலம். பெரிய இதழ்தான், கைமட்டும் சிற்றிதழில் பழகிய கை. நுண்ணிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் நெருங்கி வெடித்த நிலம் போலாயின. அந்த நிலமே முதியவரின் முகச் சுருக்கமும் ஆயிற்று. காட்சியை விளக்கும் படங்களுக்குப் பழகியிருந்த வாசகர் முன் இவை வாரந்தோறும் வந்து நின்றன.

ஆதிமூலம் 2008-இலும் கி.ரா. 2021-இலும் மறைந்தனர். துத்தநாக அச்சுக்கட்டையும் போயிற்று. கணினி எந்த வண்ணத்தையும் ஏற்கிறது. இருந்தும் சிற்றிதழ் ஆசிரியர் பலர் ஓவியரிடம் இன்னமும் கறுப்புக் கோட்டையே கேட்கிறார்கள். கைம்மாறாக இதழின் ஒரு பிரதியை அனுப்பி வைக்கிறார்கள்.