நூல் அறுந்தால் நிற்கும் மெஷின்

திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனிக்குள் நுழைந்தால் வட்டப் பின்னல் மெஷினின் மேல்வளையத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள் வரிசையாக இருப்பதைப் பார்க்கலாம். நூலை ஊட்டும் ஃபீடர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. கோனிலிருந்து வரும் நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ அந்த ஃபீடரில் உள்ள கம்பி சாயும், விளக்கு எரியும், மெஷின் நிற்கும். ஓட்டுபவர் விளக்கு எரிகிற இடத்துக்குப் போய் நூலை முடிந்துவிட்டு மறுபடி ஓட்டுவார். ஸ்டாப் மோஷன் என்ற இந்த ஏற்பாடு இல்லையென்றால் நூல் வராதது மெஷினுக்குத் தெரியாது. ஊசிகள் வழக்கம்போல ஏறி இறங்கும். பழைய கண்ணி கழன்று விழும், புதுக் கண்ணி உருவாகாது. முதலில் ஓட்டை விழும், கொஞ்ச நேரத்தில் துணியே ஊசிகளை விட்டுக் கழன்றுவிடும். கணினியில் கோப்புகளைக் கையாளும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று, கொடுக்க வேண்டிய கோப்பின் பெயரை யாரும் கொடுக்காததால் பாதியில் விழுவதும் இதே வகைப் பழுதுதான். வரவேண்டியது வராதபோது என்ன செய்வது என்ற கேள்விக்குத் துணித்தொழில் வெகுகாலம் முன்பே விடை கண்டது. அதே விடையைத் திருப்பூர் இரண்டாவது முறையாக, இரும்பில் அல்லாமல் காகிதத்தில், கற்க வேண்டியிருந்தது என்பது என் வாதம்.

தொடக்கத்தில் இந்த விடை எல்லாத் தறிகளிலும் இல்லை. 1804இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு உருவாக்கிய தறியில் துளையிட்ட அட்டைகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். துளை இருந்தால் கொக்கி பாவு நூலைத் தூக்கும், இல்லையென்றால் தூக்காது. சங்கிலியில் ஓர் அட்டை விடுபட்டுப்போனால் தறி நிற்காது. அடுத்த அட்டையைப் படித்து நெய்துகொண்டே போகும். பூவின் ஒரு வரிசை காணாமல் போனதை முழத்துணி நெய்த பிறகு மனிதக் கண்தான் பார்க்க வேண்டும். துளை வேண்டாமென்று விட்ட இடமும் மறந்து விட்ட இடமும் அந்தத் தறிக்கு ஒன்றே. 1890களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நார்த்ராப் தறியில் இதற்கு மாற்று வந்தது. ஒவ்வொரு பாவு நூலிலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று தொங்கும்; நூல் அறுந்தால் தகடு விழும், தறி நிற்கும். ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924இல் கொண்டுவந்த ஜி வகைத் தறி இந்த யோசனையை இன்னும் செம்மையாக்கியது. அதன் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனமே விலைகொடுத்து வாங்கியது. தறிகளை உலகுக்கு ஏற்றுமதி செய்த நாடு, தானே நிற்கத் தெரிந்த தறிக்காகக் கீழைநாட்டுக்குக் காசு கொடுத்தது.

திருப்பூரில் பின்னல் மெஷின் வந்தது 1920களில். 1932இல் பைக்காரா மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கி, கோவை வட்டாரத்துத் தொழில் வேகம் பிடித்தது. அதன்பின் நெடுங்காலம் ஊரின் முதன்மைச் சரக்கு வெள்ளைப் பனியன். மார்பளவு 80, 85, 90, 95 சென்டிமீட்டர், நிறம் வெள்ளை. சீட்டில் நிறம் எழுதாமல் விட்டாலும் யாருக்கும் நட்டமில்லை, ஏனென்றால் அந்த வெற்றிடத்துக்கு ஒரே விடைதான் இருந்தது. அந்த விடை நிட்டிங்காரருக்கும் தெரியும், வெளுப்பவருக்கும் தெரியும், கட்டிங் மாஸ்டருக்கும் தெரியும். வேலையை ஜாப் ஒர்க்காகப் பிரித்து, நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம், காஜா பட்டன் ஓரிடம் என்று ஊரே ஒரு தொழிற்சாலையாக இயங்க முடிந்ததற்கு இந்தப் பொது அறிவும் ஒரு காரணம்.

1970களின் பிற்பகுதியில் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வந்ததிலிருந்து ஏற்றுமதிக் காலம் தொடங்கியதாக ஊர் சொல்லும். 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. வெளிநாட்டு பையருக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது. அவர் மனதில் இருப்பது இந்த ஊருக்குத் தெரியாது. நிறம், ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), டயா (துணியின் அகலம்), சுருக்க அளவு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்போது நூறு விடைகள். சாயம் ஏறிய துணி, அகலத்தையும் சுருக்கத்தையும் சரிசெய்யும் காம்பாக்டிங்குக்கு வருகிறது, கூடவே வரும் டிசி (டெலிவரி சலான்) சீட்டில் டயா எழுதியில்லை என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் முந்தைய லாட்டின் டயாவிலேயே ஓட்டிவிட்டால் துணி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். இருக்க வேண்டியதைவிட அகலமாக இழுபட்டிருந்தால் ஜிஎஸ்எம் குறையும். ஆனால் கட்டிங், தையல், அயர்னிங் எல்லாம் தாண்டும். அணிகிறவர் வீட்டில் முதல் சலவையில்தான் அகலம் சுருங்கும். பிழை பிறந்த இடத்துக்கும் தெரியவந்த இடத்துக்கும் நடுவே ஒரு கடல். தவறாக எழுதிய எண்ணையாவது யாராவது பார்த்துக் கேள்வி கேட்கலாம். வெற்றிடத்தைப் பார்த்துக் கேட்கப் பழகியிருக்க வேண்டும். நிரப்பாத கட்டம் இருந்தால் சரக்கை இறக்காதே என்ற ஒழுங்கு திருப்பூரின் இரண்டாவது ஸ்டாப் மோஷன்.

ஸ்கிரிப்டின் கதை இதிலிருந்து அதிக தூரமில்லை. பைத்தானில் எழுதிய ஸ்கிரிப்டுக்குக் கோப்பின் பெயரைக் கொடுக்காமல் ஓட்டினால் ‘லிஸ்ட் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று சொல்லி விழும். ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் விவரங்களின், அதாவது ஆர்குமென்ட்களின், பட்டியலில் பூஜ்யமாவது இடத்தில் ஸ்கிரிப்டின் பெயரே இருக்கிறது. ஒன்றாவது இடம் காலி. மெஷின் நின்றது நல்லதுதான், ஆனால் எந்த ஃபீடர் என்று விளக்கு எரியவில்லை. கட்டளைகளை வாங்கி ஓட்டும் யூனிக்ஸ் ஷெல்லோ ஜக்கார்டு தறியைப் போன்றது. கொடுக்காத ஆர்குமென்டை வெற்றுச் சொல்லாக எடுத்துக்கொண்டு மேலே போகும். கோப்புறைப் பெயர் இல்லாமல் வெறும் ‘சிடி’ என்றால் பயனரின் சொந்தக் கோப்புறைக்குப் போய்விடும். அடுத்த வரி ‘இங்கே இருப்பதையெல்லாம் அழி’ என்றிருந்தால் அழிவது அவருடைய கோப்புகள். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்டில் கோப்புறையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகிப்போய், அழிக்கும் கட்டளை கணினியின் வேர்க் கோப்புறையிலிருந்தே தொடங்கியது. 1979இல் வந்த போர்ன் ஷெல்லிலேயே கொடுக்காத ஆர்குமென்டுக்குத் தடுப்பு உண்டு: ‘செட் மைனஸ் யு’ என்று முதலில் எழுதினால், மதிப்பே தரப்படாத பெயரைத் தொட்டவுடன் நின்றுவிடும். எழுதுபவர்தான் அதைப் போட வேண்டும்.

நிற்பது நட்டம் என்று இதற்கு மறுப்பு வரும். பீஸ் ரேட்டில் உழைப்பவருக்கு நின்ற ஒவ்வொரு நிமிடமும் கூலிக் குறைவு; கப்பல் தேதி காத்திருக்காது. இந்த வலி உண்மையானது, அதை லேசாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் டொயோடாவின் தறி கணக்கைத் திருப்பிப் போட்டது. அறுந்த நூலைத் தறியே பார்த்துக்கொண்டதால்தான் ஒரே ஆள் பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. வாசலில் நிற்கும் நிமிடத்தையும், முடிந்த சரக்கு முழுவதும் திரும்பி வரும் நாளையும் ஒரே தராசில் வைக்க வேண்டும். இன்னொரு மறுப்பு கனமானது: எழுதாததை அனுபவத்தால் நிரப்பும் மாஸ்டரின் அறிவுதானே இந்த ஊரை வளர்த்தது? ஆமாம். வெள்ளைப் பனியனில் அது சரியாகவே நடந்தது. ஊகம் இரு பக்கத்துக்கும் தெரிந்த வழக்கமாக இருக்கும்வரை அது அறிவு. ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்தால் சூதாட்டம். ஸ்கிரிப்டிலும் இயல்பு மதிப்பு வைக்கலாம், ஓட்டுபவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்கும்வரை. கொடுக்காதவர் மேல்தானே தப்பு என்பது மூன்றாவது. அறுந்த நூலின் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. ஸ்டாப் மோஷன் வேலை செய்ததா என்றுதான் கேட்கிறார்கள்.

திருப்பூர் ஆபீஸ்களில் அளவுப் பட்டியலையும் பேக்கிங் லிஸ்டையும் கையாளச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வரியில் ஆர்குமென்ட் எத்தனை என்று எண்ணுங்கள். குறைந்தால், எந்தக் கோப்பின் பெயர் வேண்டும் என்று தமிழிலேயே ஒரு வரி காட்டி நிறுத்துங்கள். அடுத்து அந்தக் கோப்பு உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகே எழுதப்போகும் கோப்பைத் திறக்க வேண்டும். எழுதும் முறையில் திறந்த கணத்திலேயே அதிலிருந்த பழைய கணக்கு முழுவதும் அழிந்துவிடும்.