டிரூசன்

டிரூசன் என்பது வயதானோர் கண்ணில், விழித்திரையின் நிறமிச் செல்களுக்கும் புரூக் சவ்வுக்கும் நடுவே சேரும் மஞ்சள் நிறப் படிவு. கொழுப்பும் புரதமும் கலந்தது. 1850களில் டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் இதைக் கூழ் உருண்டைகள் என்று விவரித்தார். பின்னர் ஹைன்ரிஷ் முல்லர் இட்ட டிரூசன் என்ற ஜெர்மன் பெயரே நிலைத்தது. உள்ளே படிகம் பூத்த கற்பொந்தைச் சுரங்கத் தொழிலாளர் அப்படித்தான் அழைத்தனர்.

வகைப்பாடு அளவை ஒட்டியது. 63 மைக்ரானுக்குக் குறைந்தவை வயதின் இயல்பு. தலை நரைப்பதைப் போல. 125 மைக்ரானை எட்டியவை பெரியவை. விழித்திரையின் மையப் பகுதியான மாகுலாவின் சிதைவுக்கு முன்னறிவிப்பு. ஓரம் தெளிந்தவை கெட்டி வகை, மங்கியவை மென்வகை. மென்வகையே கவலைக்குரியது. இந்த மைக்ரான் கணக்கு, 1960களில் ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையில் சேர்ந்து கடைசல் பிடித்தவர்களுக்குக் கைவந்தது. அவர்கள் இன்று இந்நோய்க்குரிய வயதில் இருக்கிறார்கள்.

விழித்திரையின் வெளியடுக்குக்கு உணவூட்டிக் கழிவை அள்ளிச் செல்வது அடியிலுள்ள கோராய்டு என்னும் இரத்தக்குழாய்ப் படலம். 2008இல் கண் மருத்துவர் ஸ்பெய்டின் குழுவினர், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனில் அதை ஆழமாகப் படம்பிடிக்க வழி கண்டனர். மறு ஆண்டு வந்த ஆய்வில் மையத்தில் சராசரித் தடிமன் 287 மைக்ரான். வயதில் பத்தாண்டுக்குச் சுமார் 16 மைக்ரான் வீதம் குறைவு. கிட்டப்பார்வை மிகுந்த கண்ணில் இன்னும் மெல்லியது. படலம் மெலிந்து கழிவு தேங்குவது படிவுக்கு வழிவிடலாம். ஆனால் தடித்த கோராய்டின் மேலும் படிவு வருவதுண்டு. 2018இல் ஸ்பெய்ட் அதைப் பாக்கிடிரூசன் எனத் தனியே பிரித்தார்.

அரவிந்த் கண் மருத்துவமனை மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் 40 வயதைக் கடந்த 5150 பேரைச் சோதித்தது. பார்வையிழப்புக்குக் கண்புரையே முதற்காரணமாக இருந்தது. அதனால் மங்கலெல்லாம் புரை என்றே வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். புரை பார்வை முழுவதையும் புகைபோல மறைக்கும். மாகுலா சிதைவில் கதவு நிலை வளைந்து தெரியும். நாளிதழ் வரியில் நடு எழுத்து மட்டும் காணாமல் போகும். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தால்தான் பிடிபடும், நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடுவதால்.

ஓ.சி.டி. சோதனை எளிது. சொட்டு மருந்து விட்டு, பாவை விரியும்வரை கண்ணை மூடி உட்கார வேண்டும். பிறகு தாடையை ஏந்தியில் வைத்து விளக்குப் புள்ளியைப் பார்த்தால் போதும். திரையில் டிரூசன் வரிசையாக மண்மேடு கட்டியதுபோல் எழும்பி நிற்கும். கீழே கோராய்டின் குழாய்கள் கறுத்த துளைகளாகத் தெரியும்.

மாகுலா சிதைவில் ஈரவகை, உலர்வகை என இரண்டு உண்டு. ஈரவகைக்குக் கண்ணுக்குள் ஊசி போடப்படுகிறது. உலர்வகையில் புகைபிடிப்பதை நிறுத்துவதும் சில ஊட்டச்சத்து மாத்திரைகளும் உதவும். கண்ணைக் காட்ட, ஆவடிக்கு அருகே நூம்பலில் 2017 முதல் அரவிந்த் மருத்துவமனை உள்ளது. 1819இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் உண்டு.