காற்றுக்குக் கொடுத்த வெள்ளி

1985இல் பிறந்த புரோட்டோன் சாகா பெட்டி வடிவினது. தோட்டத்துச் செம்மண் சடக்கில் அது ஒரு குறையன்று. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தது. வேகவரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்காகும்!

2008 ஜூன் 5இல் பெட்ரோல் லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசாக ஏறியது. அத்தையின் சிகிச்சைக்காக ஈப்போவிலிருந்து வாரந்தோறும் பினாங்கு சென்றுவந்த மாமா, தம் சாகாவின் கூரைமேல் இருந்த சாமான் சட்டத்தைக் கழற்றினார். முன்புறக் கிரில்லை அட்டையால் மூடினார். நான் நகைத்தேன். (இன்று வெட்குகிறேன்.) சட்டத்தைக் கழற்றியதால் எண்ணெய் மிச்சமானது. அட்டையோ காற்றை அடைத்துவிட, மெனோரா சுரங்க மேட்டில் இயந்திரம் கொதித்தது. மறுவாரம் அட்டையைப் பாதியாக நறுக்கிப் பொருத்திக்கொண்டு மாமா புறப்பட்டார்.