நல்ல துப்பாக்கி வெச்சிருந்தும் தோத்த கதை

போர்னாலே எவன்கிட்ட நல்ல ஆயுதம் இருக்கோ அவன்தான் ஜெயிப்பான்னு ஒரு நினைப்பு நமக்கு. 1870-ல் பிரான்ஸும் பிரஷ்யாவும் மோதிக்கிட்ட போரைப் படிச்சா அந்த நினைப்பு கொஞ்சம் ஆட்டம் காணும்.

கதை நாலு வருஷம் முன்னாடி ஆரம்பிக்குது. 1866 ஜூலை 3, கோனிக்ராட்ஸ். பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சண்டை. ஆஸ்திரியன் துப்பாக்கியில் குழல் வாய் வழியா மருந்தையும் குண்டையும் போட்டுக் கம்பியால் இடிக்கணும். எழுந்து நின்னாத்தான் வசதி. பிரஷ்யாக்காரன் கையில் ட்ரைஸெ ஊசித் துப்பாக்கி. பின்பக்கம் திறந்து காகிதத் தோட்டாவைச் செருகினாப் போதும், படுத்துக்கிட்டே சுடலாம். அவன் ஒரு தடவை சுடறதுக்குள்ள இவன் மூணு நாலு தடவை சுட்டுடுவான். ஆஸ்திரியா காலி.

பக்கத்து வீட்டில் நடந்ததைப் பார்த்த பிரான்ஸ் சும்மா இருக்குமா? அதே 1866-ல் ஷாஸ்போ துப்பாக்கியைக் கொண்டுவந்தது. ட்ரைஸெயில் சுடும்போது பின்பக்கம் புகை கசியும், சிப்பாய் மூஞ்சியில அடிக்கும். ஷாஸ்போவில் ஒரு ரப்பர் வளையம் போட்டுக் கசிவை அடைச்சாங்க. அவ்வளவுதான் மேட்டர்! குண்டும் சின்னது, 11 மில்லிமீட்டர். ட்ரைஸெ 600 மீட்டர் தாண்டினா பெரிசா பிரயோஜனமில்லை. ஷாஸ்போவுக்கு 1200 மீட்டர் வரை குறிபார்க்கலாம். 1870-க்குள் சுமார் 10 லட்சம் துப்பாக்கி தயார். போதாக்குறைக்கு 25 குழல்களை ஒரே கட்டாக் கட்டின மித்ரையூஸ் வேற, பரம ரகசியமா.

இங்கேதான் எனக்குச் சுவாரசியமா படற விஷயம். 1866-ல் ஜெயிச்ச பிரஷ்யா, தன் துப்பாக்கியை மெச்சிக்கிட்டு உட்காரலை. 'நம்ம பீரங்கி சரியில்லையே, ஆஸ்திரியன் பீரங்கி நம்மளைப் போட்டுப் பார்த்துடுச்சே'ன்னு கவலைப்பட்டது. எஸ்ஸன் நகரத்து க்ரூப் ஆலையின் எஃகுப் பீரங்கிகளை, பின்பக்கம் குண்டு போடறவற்றை, படை முழுக்க நிறைச்சது. அதே க்ரூப் 1867 பாரிஸ் கண்காட்சியில் ராட்சச பீரங்கி ஒண்ணைக் கொண்டுபோய் வெச்சார். பிரெஞ்சுக்காரங்களுக்கே விற்கவும் பார்த்தார். வேண்டாம்னுட்டாங்க. அவங்க பீரங்கிகள் வெண்கலம், வாய் வழியா குண்டு போடறது. குண்டு வெடிக்கிற திரியும் குறிப்பிட்ட ரெண்டு தூரங்களுக்குத்தான் சரிப்படும். க்ரூப் குண்டோ விழுந்த இடத்தில் வெடிக்கும்.

1870 ஆகஸ்ட் 18, சாங் பிரிவா. பிரஷ்ய ராஜாவின் காவல் படை, ஒதுங்க ஒரு மறைவும் இல்லாத சரிவில் நெருக்கமா அணிவகுத்து மேலே ஏறுது. மேலே ஷாஸ்போ காத்திருக்கு. ட்ரைஸெ எட்டற தூரத்துக்கு வர்றதுக்குள்ள வரிசை வரிசையா விழறாங்க. அன்னிக்கு அந்தப் படையில் மட்டும் செத்தவங்களும் காயப்பட்டவங்களும் சுமார் 8000 பேர். துப்பாக்கி கணக்குப் பார்த்தா பிரான்ஸ்தான் கெட்டிக்காரன். ஆனா சாயங்காலம் க்ரூப் பீரங்கிகள் ஒண்ணு சேர்ந்து கிராமத்தைக் கொளுத்தினதும், வடக்கே சாக்ஸனிப் படை சுத்தி வந்ததும் கணக்கை மாத்திடுச்சு.

மித்ரையூஸ் என்னாச்சு? ரகசியம் காக்கறதிலேயே குறியா இருந்ததால் பழகினவங்க ரொம்பக் கொஞ்சம். அதைப் பீரங்கி மாதிரி தூரத்தில் நிறுத்தினாங்க. அது எட்டாத தூரத்திலிருந்தே க்ரூப் அதை உடைச்சது.

செப்டம்பர் 1, செடான். சுத்திலும் குன்று, நடுவில் பிரெஞ்சுப் படை. குன்றெல்லாம் பீரங்கி. மறுநாள் மூன்றாம் நெப்போலியன் உட்பட முழுப் படையும் சரண். 1871-ல் அல்சாஸும் லோரேனில் ஒரு பகுதியும் போச்சு, 500 கோடி பிராங்க் தண்டம் வேற. சி.பி.எஸ்.இ. பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் அல்போன்ஸ் தோதேயின் 'கடைசிப் பாடம்' படிச்சவங்களுக்கு ஞாபகம் வரும். இனி பிரெஞ்சு கிடையாது, ஜெர்மன்தான்னு அந்த வாத்தியார் கலங்கி நிற்கிறது இந்தத் தோல்வியால்தான்.

பிரஷ்யாவைக் காப்பாத்தினது வெறும் எஃகு இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. வேடிக்கை பார்த்தவன் ஜெயிச்சவனோட பலத்தைக் காப்பியடிச்சான். ஜெயிச்சவன் தன் பலவீனத்தை எண்ணிப் பார்த்தான். ஜெயிச்ச அன்னிக்கு அதைச் செய்யறது லேசுப்பட்ட காரியமா, சொல்லுங்க?