இமயத்து மூலிகைகளும் புற்றுநோய் மருந்துகளும்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயத் தகாதன என்பது நம்மவர் வழக்கு. ஆனால் மருந்தின் மூலத்தை ஆராயாது விடுதல் ஆகாது. தமிழகத்தினின்று போந்து தலைநகரில் வாழும் நாம், பதரிக்கும் கேதாரத்திற்கும் யாத்திரை செல்லுங்கால் வானளாவிய தேவதாரு மரங்களைக் கண்டு வியக்கிறோம். அதே மலைக் காடுகளில் அடக்கமாக வளரும் இரு தாவரங்களை நாம் பொருட்படுத்துவதில்லை. இன்று உலகெங்கும் வழங்கப்பெறும் இரு பெரும் புற்றுநோய் மருந்துகளின் வரலாறு அவற்றோடு பின்னிக் கிடக்கிறது. அதனை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, மலைவாழ் மக்கள் 'பன் ககடி', அதாவது காட்டு வெள்ளரி, என அழைக்கும் சிறு செடி. பனி உருகியதும் தலைநீட்டிச் செந்நிறக் கனி தருவது. இதன் கிழங்கைப் பேதிக்கும் கல்லீரல் கோளாறுகளுக்கும் மருந்தாகக் கொண்டனர். இதன் உறவுச் செடியொன்றை வட அமெரிக்கப் பழங்குடியினரும் பேதி மருந்தாக அறிந்திருந்தனர். இச்செடியினத்தின் உயிர்ப்பொருளான போடோபில்லோடாக்சினை 1880-இல் போட்விசோட்ஸ்கி என்னும் அறிஞர் பிரித்தெடுத்தார். அது உயிரணுக்கள் பிளவுபடுவதைத் தடுக்கிறது என்பது 1946-இல் தெளிவாயிற்று. கட்டுக்கடங்காது பெருகும் உயிரணுக்களே புற்றுநோயாதலின், அறிஞர்களின் கவனம் இதன்பால் திரும்பியது.

ஆயினும், அப்பொருள் நோயாளிக்கு அளிக்கவொண்ணாத கொடிய நஞ்சாக இருந்தது. சுவிட்சர்லாந்து நாட்டு சாண்டோஸ் நிறுவன அறிஞர்கள் பல்லாண்டுகள் முயன்று, அதன் அமைப்பைச் சிறிது மாற்றி, 1966-இல் எட்டோபோசைட் என்னும் மருந்தை ஆக்கினர். இங்கொரு வியப்புண்டு. மூலப்பொருள் உயிரணுவின் நுண்குழல்களை உருவாக வொட்டாது தடுப்பது. புதிய மருந்தோ, டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளின் முறுக்கைச் சீர்செய்யும் நொதியைத் தாக்குவது. வடிவிற் சிறிதே மாறியது. வினையோ முற்றிலும் மாறிவிட்டது! 1983-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, விரைப் புற்றுக்கும் நுரையீரற் புற்றின் ஒரு வகைக்கும் இன்றும் பயன்படுகிறது.

இரண்டாவது, கார்வால் மலைப்பகுதியில் 'துனேர்' எனப்படும் மரம். என்றும் பசுமை மாறாதது. மிக மெதுவாக வளர்வது. இதன் பட்டையைத் தேநீர்போற் காய்ச்சி அருந்துதலும், இலையை இருமலுக்கும் இரைப்புக்கும் கொள்ளுதலும் மலைநாட்டு வழக்கம். வடநாட்டு மருந்துச் சந்தையில் தாளிசபத்திரி என்ற பெயரில் இதன் இலையும் விற்கப்பட்டதுண்டு.

1962-இல், புற்றுநோய் மருந்து தேடித் தாவரங்களைத் திரட்டிய அமெரிக்க வேளாண் துறையினர், வாஷிங்டன் மாநிலக் காட்டில் இம்மரத்தின் உறவு மரமொன்றின் பட்டையைச் சேகரித்தனர். அதிலிருந்து டாக்ஸால் என்னும் பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1971-இல் வெளியிட்டவர்கள் மன்ரோ வாலும் மன்சுக் வாணியும் அவர்தம் குழுவினரும் ஆவர். இவருள் வாணி, மகாராஷ்டிரத்து நந்தூர்பாரிற் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை தருவது. உயிரணு பிளவுபடுங்கால் நுண்குழல்கள் தோன்றவும் வேண்டும், கலையவும் வேண்டும். இம்மருந்து அவற்றைக் கலைய விடுவதில்லை. இவ்வுண்மையை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் அம்மையார் கண்டறிந்தார். 1992-இல் கருப்பைச் சூலகப் புற்றுக்கும், பின்னர் மார்பகப் புற்றுக்கும் இது ஒப்புதல் பெற்றது. பட்டை மருந்தாக முப்பது ஆண்டுகள் பிடித்தன.

இவ்வெற்றிக்கு மரங்கள் கொடுத்த விலை பெரிது. நூறாண்டு வளர்ந்த அமெரிக்க மரமொன்றின் சுமார் 3 கிலோ பட்டையிலிருந்து ஏறத்தாழ ஒரு வேளைக்குரிய மருந்தே கிடைத்தது. பின்னர் இலையிலுள்ள வேறொரு பொருளைக்கொண்டு மருந்தாக்கும் முறை பிரான்சில் தோன்றிற்று. இலை மீண்டும் தளிர்க்குமாதலின் இது நல்வழியே. ஆனால் இமயத்திலோ, அளவின்றி இலையும் பட்டையும் உரிக்கப்பட்டு, மரம் அருகிவிட்டது. காட்டு வெள்ளரியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கிழங்கை அகழ்ந்தால் செடியே அழியும். எனவே, 1990-இல் அச்செடியும் 1995-இல் இம்மரமும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மூலிகையின் பெருமை வேறு; மருந்தின் திறம் வேறு. பேதிக்கும் இருமலுக்கும் நம் முன்னோர் கொண்ட இலையிலும் கிழங்கிலும் புற்றை வெல்லும் பொருளுக்கு வித்து இருந்தது உண்மை. ஆனால் அதே கிழங்கு பச்சையாகக் கொடிய நஞ்சு. அதே மரத்தின் இலையில் இதயத்தைத் தாக்கும் விடமும் உண்டு. பிரித்து, மாற்றி, அளந்து, நோயாளிகளிடத்தே பல்லாண்டு சோதித்த பின்னரே அது மருந்தாயிற்று. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சி, பச்சிலையே போதுமென்று மருத்துவமனையை ஒதுக்கி, குணமாகக் கூடிய நாளையெல்லாம் இழந்துவிடும் குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு இதனை எடுத்துரைப்பது நம் கடமை.

மூலிகையைப் போற்றுவோர் செய்யத்தக்கன இரண்டே: நோயுற்றாரை உரிய காலத்தில் தக்க மருத்துவரிடம் சேர்ப்பித்தல், இன்னும் ஆராயப்படாத செடிகள் எத்தனையோ வளரும் காடுகளை அழியாது காத்தல். இவ்விரண்டையும் நாம் மேற்கொள்வோமாக.