கிழமை மாறிய ஜொகூரும் மதியிறுக்கப் பிள்ளைகளும்



ஜொகூர்க்காரர்களாகிய நமக்கு வார விடுமுறை என்பது ஓரிடத்தில் நிலைத்து நின்றதே இல்லை. நான் தொடக்கப்பள்ளியில் பயின்ற காலத்தில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. 1994இல் அது ஞாயிற்றுக்கு மாறியது. 2014 ஜனவரி 1 முதல் வெள்ளியும் சனியும் விடுமுறையாயின. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு! பெரியவர்களாகிய நாம் இதனை வங்கி, கோயில், சிங்கப்பூர் வேலை என்ற கணக்கிலேயே பேசி முடித்துவிட்டோம். கிழமைகளின் வரிசையையே பற்றுக்கோடாகக் கொண்டு வாழும் பிள்ளைகள் சிலர் நம் வகுப்புகளில் இருக்கின்றனர். ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடைய அப்பிள்ளைகளை முன்னிறுத்தியே இப்பதிவை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கேனர் என்னும் மருத்துவர், 1943இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மதியிறுக்கம் குறித்த ஆய்வுகள் பலவற்றுக்கும் அதுவே தொடக்கம். எல்லாம் நேற்றிருந்தபடியே இன்றும் இருக்கவேண்டும் என்னும் அப்பிள்ளைகளின் தவிப்பை அவர் தனித்துக் குறிப்பிட்டார். நாற்காலி இடம் மாறினாலும், அன்றாடச் செயல்களின் வரிசை மாறினாலும் அவர்கள் நிலைகுலைந்தனர். நாம் இதற்கு எளிதாகப் 'பிடிவாதம்' என்று பெயரிட்டுவிடுகிறோம். அடுத்து என்ன நிகழும் என்று ஊகிக்க இயலாத அச்சம் அது என்பதே என் கருத்து.

அடுத்து வந்த ஆண்டுகளில் பழி தாய்மார்மீது விழுந்தது. தாயின் அன்பு வறண்டதால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்னும் கருத்தைச் சிகாகோவின் புருனோ பெட்டல்ஹைம் பரப்பினார். (நம் உறவினர் கூட்டங்களில் இன்றும் இதே பேச்சு வேறு சொற்களில் கேட்கிறதே!) அதனை 1964இல் ஒரு நூலின்வழி மறுத்த பெர்னார்டு ரிம்லண்டு உளவியலாளர். அவரே மதியிறுக்கம் உடைய மகனின் தந்தையும் ஆவார்.

ஆசிரியர்களாகிய நமக்கு மிகுந்த பயன் தந்தவர் எரிக் ஷோப்லர். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் இவர் உருவாக்கிய 'டீச்' திட்டம் 1972இல் அம்மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் உடன் பணியாற்றுவோராக அவர் ஏற்றுக்கொண்டார். வாய்ச்சொல் காற்றில் கரைந்துவிடும், படம் கண்முன் நிற்கும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. இப்போது என்ன, அடுத்து என்ன, எப்போது முடியும் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லும் பட அட்டவணை அதிலிருந்து பரவியதே. பின்னர், 1990களின் தொடக்கத்தில் கரோல் கிரே என்னும் அமெரிக்க ஆசிரியை, வரப்போகும் சூழலைச் சிறு கதையாக எழுதிப் பிள்ளைக்கு முன்கூட்டியே படித்துக்காட்டும் முறையை வகுத்தார். நம் நாட்டில் மலேசியத் தேசிய ஆட்டிசச் சங்கமான 'நாசோம்' 1980களின் பிற்பகுதியில் தோன்றியது.

இவற்றுக்கெல்லாம் பெருஞ்சோதனை 2020இல் வந்தது. மார்ச் 16 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. இடையில் ஒரே ஒரு நாள்! அதில் எந்தப் பட அட்டவணையை நாம் தயாரித்திருக்க முடியும்? பள்ளி, கடை, பூங்கா, தாத்தா வீடு யாவும் ஒரே வேளையில் மூடிக்கொண்டன. ஜொகூருக்கு இன்னோர் இழப்பும் சேர்ந்தது. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து, இரவில் வீடு திரும்பும் தந்தையர் பலர் அக்கரையிலேயே தங்கிவிட்டனர். அன்றாடம் சென்றுவரும் வகையில் தரைவழி எல்லை திறந்தது 2022 ஏப்ரல் 1இல்தான். நான் அறிந்த ஒரு சிறுவன், தந்தையின் தலைக்கவசம் வழக்கமாக இருக்கும் அலமாரித் தட்டில் வேறெதனையும் வைக்கவிடாமல் காத்துவந்தான். அவன் தாயார் நாள்தோறும் இரவு எட்டு மணிக்குக் காணொளி அழைப்பை அமைத்தார். அழைப்புக்கு முன் தந்தையின் படத்தை அட்டையில் ஒட்டுவார், முடிந்ததும் எடுப்பார். அவ்வொரு மணி நேரமே அவ்வீட்டின் புதிய ஒழுங்காயிற்று.

சில நாடுகள் அன்று சட்டத்தையே சற்றுத் தளர்த்தின. ஸ்பெயினில் மதியிறுக்கம் உடையோர் துணையுடன் வெளியே நடந்துவர இசைவு தரப்பட்டது. பிரான்சும் 2020 ஏப்ரல் 2ஆம் நாள், உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளிலேயே, அத்தகைய தளர்வை அறிவித்தது. ஒருவரின் நடைப்பயிற்சியை அரசாங்கம் மருந்துக்கு நிகராக மதித்தது என்பது வரலாற்றில் சிறு செய்தியன்று.

2025இன் கிழமை மாற்றம் வேறு வகை. ஜொகூர் இடைக்கால ஆட்சியாளர் துங்கு இஸ்மாயில் அதனை 2024 அக்டோபர் 7இல் அறிவித்தார். நமக்குக் கிடைத்தவை ஏறத்தாழ பன்னிரண்டு வாரங்கள். இக்கால அவகாசத்தைப் பெரும் பேறு என்றே சொல்வேன். என் வகுப்பில் டிசம்பர், ஜனவரி மாத நாள்காட்டிகளை அருகருகே ஒட்டினேன். பள்ளி நாளுக்கு மஞ்சள், வீட்டு நாளுக்குப் பச்சை. டிசம்பர்த் தாளைக் கிழித்தெறியவில்லை. பழையது மறைந்தால் பிள்ளை அதனைத் தேடும். 'மாற்றம்' என்னும் தனி அட்டையை முதலில் இனிய செய்திகளுக்குப் பயன்படுத்தினேன்: கணிதத்திற்குப் பதில் ஓவியம், திடலுக்குப் பதில் நூலகம். அட்டை என்றாலே கெட்ட செய்தி என்று ஆகிவிடக்கூடாதல்லவா? காலைப் பாடல், இருக்கை, சிற்றுண்டி நேரம் ஆகியவற்றில் அம்மாதங்களில் கைவைக்கவே இல்லை. இரவல் ஆசிரியர் வருவதாயின் அவர் படத்தையும் முதல் நாளே அட்டவணையில் சேர்த்தேன்.

இத்தனைக்குப் பின்னும், ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மாணவன் சீருடை அணிந்து வாசலில் நின்றான் என்று அவன் தாயார் கூறினார். அவர் அதட்டவில்லை. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த நாள்காட்டிக்கு அழைத்துச்சென்று பச்சைக் கட்டத்தைக் காட்டினார். பத்து நிமிடம் அழுதான். பிறகு தானே காலணியைக் கழற்றினான். சீருடையைக் கழற்ற மட்டும் நண்பகல் ஆயிற்றாம். அடுத்த ஞாயிறு அவனே முதலில் நாள்காட்டியிடம் சென்றிருக்கிறான்.