தரப்படுத்தல்: வாவிக்கரையின் கணக்கு

'தரப்படுத்தல்' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் பலருக்கும் யாழ்ப்பாணமும், பல்கலைக்கழக வாய்ப்பை இழந்த அதன் மாணவர்களும்தாம் நினைவுக்கு வருவர். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த களுவாஞ்சிக்குடியிலிருந்து அதே வரலாற்றைப் பார்த்தால் கணக்கு சற்று வேறாகத் தெரியும். அதனைப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1970 மே மாதம் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சரானார். விஞ்ஞானத் துறைகளில் தமிழ்மொழி மூலம் தேறுவோர் தொகை மிகை என்றும், தமிழ்ப் பரீட்சகர்கள் தாராளமாகப் புள்ளி வழங்குகின்றனர் என்றும் தென்னிலங்கையில் குரல் எழுந்தது. அதன் பின்னர் மொழிக்கொரு வெட்டுப்புள்ளி வந்தது. நான்கு பாடங்களுக்கு 400 புள்ளிகள் இருந்த காலம் அது. பேராதனையில் மருத்துவம் பயிலத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகள் வேண்டும். சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 போதும். பொறியியலுக்கு 250, 227. பௌதிக விஞ்ஞானத்துக்கு 204, 183.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 250 என்ற வேலி யாழ்ப்பாணத்துக்கு மட்டும் போடப்பட்டதன்று. ஆய்வுகூட வசதியும் தேர்ந்த விஞ்ஞான ஆசிரியர்களும் நிறைந்த யாழ்ப்பாணக் கல்லூரிகளின் மாணவருக்கும், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரையிலிருந்து படிக்க வந்த விவசாயியின் மகனுக்கும் அது ஒரே வேலி. அவனுடைய வறுமையையும் அவனது பாடசாலையின் குறையையும் அந்த ஏற்பாடு பார்க்கவில்லை. அவன் எழுதிய மொழியை மட்டுமே பார்த்தது. பின்தங்கியோருக்கு உதவவே இது என்ற வாதம் பட்டிருப்புத் தொகுதியின் வாசலிலேயே பொய்த்துவிடுகிறது.

1973 இல் இரு மொழி மூலப் புள்ளிகளையும் பொது அளவுகோல் ஒன்றுக்கு மாற்றும் முறை நடைமுறைக்கு வந்தது. 1974 இல் அதனுடன் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. பொறியியலில் தமிழர் பங்கு 1973 இல் 24.4 வீதமாக இருந்து மறு ஆண்டே 16.3 வீதமாயிற்று. மருத்துவத்தில் 36.9 வீதம் 25.9 வீதமாகச் சுருங்கியது. இந்த இழப்பில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்துக்குரியது.

ஆயினும் மட்டக்களப்பான் இரண்டையும் ஒன்றாகக் கருத இயலாது. மொழிவாரி வெட்டுப்புள்ளி அவனிடமிருந்து பறித்தது. மாவட்ட ஒதுக்கீடோ அவனது மாவட்டத்தின் மக்கள் தொகைக்கேற்ப ஒரு பங்கை முதன்முதலாக ஒதுக்கி வைத்தது. ஒரே பெயரால் வழங்கப்படும் இவ்விரு ஏற்பாடுகளையும் பிரித்துப் பார்க்காமல் எழுதப்படும் வரலாறு அரைகுறையானதே.

1977 இல் ஆட்சி மாறியதும் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு நிலைத்தது. இன்று கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட மக்கள் தொகை அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அப்பின்தங்கிய 16 மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. யாழ்ப்பாணமும் இன்று அதே பட்டியலில் இருப்பது காலத்தின் கோலம்.

2001 ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து இசட் புள்ளி வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தட்டில் முன்மொழிந்த முறை இது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பர். சராசரி 40, விலகல் 15 உள்ள பாடத்தில் 70 பெற்றவருக்கு இசட் 2. சராசரி 60, விலகல் 10 உள்ள பாடத்தில் அதே 70 பெற்றவருக்கு இசட் 1 மட்டுமே. மூன்று பாடங்களின் சராசரியே இறுதிப் புள்ளி. எளிய பாடத்தைத் தெரிந்து புள்ளி குவிக்கும் வழி இதனால் அடைபட்டது. ஆனால், கணக்கும் தவறக்கூடும். 2011 இல் பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களை ஒன்றாக வைத்துக் கணித்ததை 2012 இல் உயர்நீதிமன்றம் செல்லாததாக்கியது.

இனிப் புள்ளியை உயர்த்துவது எங்ஙனம்? இசட் முறையில் பிறரை விஞ்சினால்தான் உயர்வு. கடினமான பாடத்தை நன்கு கற்பிக்கும் ஆசிரியர் கிடைத்த மாணவருக்கே அது கைகூடும். இங்கேதான் மாவட்டம் என்ற அலகின் குறை வெளிப்படுகிறது. நகரத்துப் பெரிய கல்லூரிகளின் மாணவரும், களுவாஞ்சிக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட பட்டிருப்புக் கல்வி வலயத்தின் மாணவரும், படுவான்கரையின் உட்கிராமத்து மாணவரும் ஒரே மட்டக்களப்பு ஒதுக்கீட்டுக்குள்தான் போட்டியிடுகின்றனர். கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வை ஒதுக்கீடு ஓரளவு ஈடுசெய்கிறது. வாவியின் இரு கரைகளுக்கும் இடையிலானதை அது தொடுவதே இல்லை.

அரை நூற்றாண்டாக நாம் புள்ளியைத் திருத்தும் சூத்திரங்களைப் பற்றியே வாதாடி வந்திருக்கிறோம். உயர்தர விஞ்ஞான வகுப்பும் இரசாயனவியல், இணைந்த கணித ஆசிரியர்களும் படுவான்கரைக்குள் சென்று நிலைத்தால், அப்பிள்ளைகளின் புள்ளி எந்தச் சூத்திரத்திலும் உயரும். மாவட்டத்துக்கு எத்தனை இடம் என்று கேட்கும் நம் அரசியல்வாதிகளிடம், அவ்விடங்களில் எத்தனை வாவிக்கு மேற்கே சென்றன என்றும் ஒவ்வோராண்டும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பத்திரிகைகளும் கேட்கலாம்.